கச்சான் காற்றில் கருகும் கத்தரிக்கு நிழல் வலைதான் வழியா?

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வளவு. வெறும் மணல். மாரியில் கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் நன்றாக வருகிறது. வைகாசி பிறந்து கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் இலை ஓரம் கருகிப் போகிறது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். நிழல் வலையும் சொட்டுநீர்க் குழாயும் போடச் சொல்கிறார்கள், அதற்குக் காசு இல்லை. வளவில் ஏழு தென்னை நிற்கிறது. வேறு வழி உண்டா ஐயா?

பதில்: உண்டு. அந்த ஏழு தென்னையே போதும்.

இலை ஓரத்திலிருந்து கருகி உள்ளே வந்தால் முதலில் உப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் இரண்டு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு வேரடியிலேயே தங்கிவிடுகிறது. அதனால் ஊற்றும் தடவைகளைக் குறைத்து, ஊற்றும்போது வேருக்குக் கீழேயும் இறங்கும்படி நிறைய ஊற்றுங்கள். மாலையில், அடியில் மட்டும். இலையில் படக்கூடாது.

கிணற்றையும் கவனியுங்கள். நம் கரையோர மணலுக்குள் மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டரால் ஒரேயடியாக இறைத்து மேல்மட்டத்தைத் தாழ்த்தினால் உவர் கீழேயிருந்து ஏறிவிடும். வாளியால் அள்ளுகிறவர்கள் கிணறு அவ்வளவு சீக்கிரம் கெடாது.

இனி மணல். பாத்தியை ஒன்றரை அடி ஆழம் வெட்டி, அடியில் பொச்சுமட்டைகளை, அதாவது தேங்காய் உரிமட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்க நெருக்கி அடுக்குங்கள். அதன்மேல் மாட்டெரு, காய்ந்த சருகு, பிறகு மணல். மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும், சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கொடுக்கும். ஆனால் புதுமட்டையில் கறையும் உப்பும் இருக்கும். கழுவுவதற்குக் கிணற்று நீரை வீணாக்க வேண்டாம். மாரியில் வெளியே குவித்து விடுங்கள், மழை கழுவிவிடும். கடலிலோ களப்பிலோ ஊறிய மட்டை என்றால் தொடவே வேண்டாம். அடுப்புச் சாம்பலும் உங்கள் வளவுக்கு ஆகாது. சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த மணலுக்கு மேலும் காரத்தன்மை எதற்கு?

நிழலுக்குக் கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை. இப்போது கடையில் விலைக்கு வாங்குகிறார்கள், எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். அடிவரிசையில் பழுக்கத் தொடங்கும் ஓலையாகப் பார்த்து வெட்டுங்கள். காய்ந்து விழுந்தது பின்னும்போது ஒடியும். நடு மட்டையை நீளத்துக்குப் பிளந்தால் ஓர் ஓலைக்கு இரண்டு கிடுகு. சில நாள் தண்ணீரில் ஊறவிட்டு, ஒன்று விட்டு ஒன்றாக ஈர்க்கோலையை மடித்து, மற்றதற்கு மேலும் கீழுமாகக் கோத்து, நுனிகளை முடிந்து விடுங்கள். கூரைக்குப் பின்னுவதுபோல நெருக்க வேண்டாம், வெயில் புள்ளி புள்ளியாக விழட்டும். காய்கறிக்குக் காலை வெயில் வேண்டும், பிற்பகல் வெயில்தான் வேண்டாம். ஆகவே பந்தலை மேற்குப் பக்கம் சரித்துக் கட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கழற்றிவிடுங்கள்.

வேலியில் பலர் பிழை விடுவது திசையில். கடல் கிழக்கே இருப்பதால் அந்தப் பக்கம் மறைக்கிறார்கள். கச்சான் வருவது தென்மேற்கிலிருந்து. அங்கே ஆளுயரத்துக்கு இடைவெளி விட்ட தென்னோலை மட்டை வேலி போடுங்கள். இறுக்கமாக அடைத்தால் காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும், செடிக்கு அது இன்னும் மோசம். மாரி தொடங்கியதும் வேலியோரம் கிளிசறியாக் கம்புகளை நட்டுவையுங்கள். அடுத்த கச்சானுக்கு உயிர்வேலி, தழைப்பசளையும் கூட.

சொட்டுநீர்க் குழாய்க்குப் பதில் பூசாத மண்முட்டிகளைச் செடிகளுக்கு நடுவே கழுத்துவரை புதைத்து நீர் நிரப்புங்கள். வாயைச் சிரட்டையால் இறுக்கமாக மூட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் நுளம்பு பெருகும். 2017 இல் கிண்ணியா டெங்கால் பட்ட பாடு தெரியுந்தானே.

என்ன நடுவது? போஞ்சிக்கு உவர் அறவே ஆகாது. தக்காளி உவரைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் இரவுச் சூட்டில் பூ உதிர்ந்துவிடும், அதையும் வைகாசியில் தொடாதீர்கள். கௌபி (தட்டைப்பயறு) உவரைத் தாங்கும், பந்தல் நிழலில் பசளிக் கீரையும் வரும். உங்கள் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டுமானால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். இப்போது நிற்கும் கத்தரியைப் பிடுங்கி எறியாதீர்கள். ஆவணிக் கடைசியில் நிலத்திலிருந்து அரை அடி விட்டு வெட்டி, அடியில் எரு போட்டு விடுங்கள். மழையோடு மறுதாம்பு துளிர்க்கும்.