பத்து வருட அனுபவம் உள்ள நாய்ப் பயிற்சியாளர் இன்னும் படிக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சென்னையில் பத்து வருடமாக நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கும்போது, கோர்ஸ், செமினார் என்று எதற்குக் காசைக் கொட்ட வேண்டும் என்கிறார். நான் இதே வேலையில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். அதில் முதல் எட்டு வருடம் புதிதாக எதையும் படிக்கவில்லை. என்னைப் படிக்க வைத்தது அண்ணா நகரில் ஒரு லாப்ரடார்.

ஐந்து வயது. கழுத்துப் பெல்ட்டைப் பிடித்தால் உறுமும். எனக்கு அப்போது தெரிந்தது ஒரே பாடம்: உறுமுகிற நாய் வீட்டுக்குத் தலைவனாக முயற்சி செய்கிறது, இடம் கொடுத்தால் தலைமேல் ஏறிவிடும். சோக் செயின், அதாவது இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி மாட்டி, உறுமும்போதெல்லாம் ஒரு சுண்டு. மூன்றே வாரத்தில் உறுமல் நின்றது. "மாஸ்டர், உங்க கையில மந்திரம் இருக்கு" என்றார் அந்த வீட்டம்மா. நானும் நம்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, வீட்டுப் பையன் பெல்ட்டைப் பிடித்தபோது நாய் சத்தமே போடாமல் கடித்தது. கையில் ஆறு தையல். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டு காதும் உள்ளே புண்ணாகிக் கிடக்கின்றன என்றார். பெல்ட் இழுபடும்போதெல்லாம் அதற்கு உயிர் போயிருக்கும். "தொடாதே, வலிக்கிறது" என்று அது சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் நான் மூன்று வாரம் மெனக்கெட்டு வாயடைத்திருக்கிறேன். வலி அப்படியே இருந்தது, எச்சரிக்கை மட்டும் போய்விட்டது.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் டேனியல் மில்ஸும் உடன் பணியாற்றுபவர்களும் 2020இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நடத்தைப் பிரச்சினை என்று தங்களிடம் அனுப்பப்படும் நாய், பூனைகளில் குறைத்துச் சொன்னாலே மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது என்கிறார்கள். இப்போது முரட்டுத்தனம் என்று யார் அழைத்தாலும், முதலில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ பக்கத்து கிளினிக்குக்கோ போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். இதனால் போன வருமானமும் உண்டு. பரவாயில்லை.

நம் தொழிலில் அனுபவத்தை அப்படியே நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான். அடக்கினால் உடனே பலன் தெரிகிறது, கெடுதல் பிறகு வருகிறது. அப்போது நாம் வேறு வீட்டில் இருப்போம். நாய் போன் செய்து புகார் சொல்லாது. கடிபட்ட வீட்டுக்காரர்களும் பெரும்பாலும் நம்மை அழைக்க மாட்டார்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

நாய் தலைவனாக முயலும் என்ற அந்தக் கதைக்கு வருவோம். அது ஓநாய்களைப் பற்றிய கருத்திலிருந்து வந்தது. ஓநாய்க் கூட்டத்தில் தலைமைக்குப் போட்டி நடக்கும் என்று ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் 1947இல் எழுதியது அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வந்த தன் புத்தகத்தில் அதைப் பரப்பினார். அப்புறம் அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல வருடம் பார்த்துவிட்டு, கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். பரப்பியவரே கைவிட்டதை நான் அதற்குப் பிறகும் பல வருடம் வீடு வீடாகப் போய்க் காசு வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

தீபாவளியும் அப்படித்தான். வெடிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளியும் நாயைத் தடவிக் கொடுக்காதீர்கள், பயம் கூடிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் ஓர் உணர்ச்சி, ஆறுதல் சொன்னால் வளராது. இப்போது ஆடி மாதமே வெடிச் சத்தத்தைப் போனில் மிக மெதுவாக வைத்து, கூடவே கோழித் துண்டு கொடுக்க ஆரம்பிக்கச் சொல்கிறேன். ஐப்பசியில் அழைப்பவர்களுக்கு என்னால் செய்ய முடிவது குறைவு.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். நாய்ப் பயிற்சியாளர்களுக்குத் தேர்வு வைக்கும் அமெரிக்காவின் சிசிபிடிடி அமைப்பிடம் சான்றிதழ் வாங்கினால் மூன்று வருடத்துக்குள் 36 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தேர்வு. டாலரில் கட்டுவது நமக்குச் சுமைதான். அதற்காக, இரண்டு நாள் உட்கார வைத்துத் தங்க எழுத்தில் சான்றிதழ் தரும் வகுப்புகளுக்குப் போகாதீர்கள், நான் போய் ஏமாந்திருக்கிறேன். காசில்லாமலும் வழி உண்டு. பயிற்சிப் பள்ளிகளின் 92 நாய்களை வைத்துப் போர்ச்சுகலில் செய்த ஆய்வு 2020இல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் வந்தது. அதட்டியும் இழுத்தும் பழக்கப்பட்ட நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அதிகம் ஏறியது என்கிறது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

அதைவிட மலிவான வழி, உங்கள் வகுப்பை நீங்களே வீடியோ எடுத்துப் பார்ப்பது. பழைய வீடியோ ஒன்றில் ஒரு சிப்பிப்பாறை நாய் ஒரே நிமிடத்தில் மூன்று முறை உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மூன்றும் பதற்றத்தின் அடையாளங்கள். நான் அதன் செயினைக் கையில் பிடித்தபடி, வீட்டுக்காரரிடம் என் ஜிபே நம்பரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.