ஜெய்சால்மருக்கு நிழல், நீலகிரிக்கு வளைவு

கேள்வி: ஜெய்சால்மர் படங்களில் மண்ணும் கோட்டையும் ஒரே நிறத்தில் நிற்கின்றன; பார்த்ததும் மனசில் ஒட்டிக்கொள்கிறது. கோத்தகிரியில் நான் எடுப்பதெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் வருகிறது. இங்கே அப்படி ஒரு பாணி அமையாதா?

பதில்: ஜெய்சால்மர்க் கோட்டையின் மஞ்சள் மணற்கல் அந்த வட்டாரத்திலேயே கிடைப்பது. நிறம் தானாக ஒன்றிவிடுகிறது. ஜரோக்காவின் (சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் மாடம்) செதுக்கு வேலையைக் காட்டிக்கொடுப்பது கடும் வெயிலின் நிழல். அந்த மஞ்சளை எடிட்டிங்கில் பூசினால் தேயிலைத் தோட்டம் சருகாகத்தான் தெரியும். நிலமும் கட்டடமும் எதில் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள், அது போதும்.

நீலகிரியில் அது வளைவு. தோடர் பழங்குடிக் குடியிருப்பான மந்தின் பழைய குடிசைக்குக் கூரை அரைப்பீப்பாய் வடிவம். பின்னால் புல்மேட்டின் முதுகும், சோலை மரங்களின் குடைத்தலையும் அதே வளைவுதான். வாசலோ தவழ்ந்து நுழைகிற உயரம். நின்றபடி எடுத்தால் கூரை மேட்டுக்குள் புதைந்துபோகும். குந்தி உட்கார்ந்து கேமராவை வாசல் மட்டத்துக்கு இறக்குங்கள், கூரை விளிம்பு வானத்தில் தெளியும். மேட்டின் வளைவும் பக்கத்தில் தெரியும்வரை இரண்டடி தள்ளிப் பாருங்கள். 24 மி.மீ. லென்ஸ் மேட்டைச் சுண்டைக்காயாக்கிவிடும். 50 முதல் 85 சரி. மந்துக்காரர்களைக் கேட்காமல் கேமராவை எடுக்க வேண்டாம், கோயில் பக்கம் போகவே வேண்டாம். படுகர் ஊரான ஹட்டியில் வளைவு இல்லை, ஒட்டி நிற்கும் வீடுகளின் நீள வரிசை; தேயிலை வரிசையோடு அது சேரும் கோணத்தைத் தேடுங்கள்.

சாம்பலுக்குக் காரணம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். வெண்மூட்டத்தையும் அது நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7இல் தொடங்கி +1.3 வரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை முட்டக் கூடாது. நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் ஒரு படம் நீலம், அடுத்தது மஞ்சள் என்று வந்தால் பத்துப் படமும் பத்து ஆள் எடுத்ததுபோல் இருக்கும். கிட்டத்தில் கறுப்பாக ஒரு சில்வர் ஓக் தண்டு இருக்கட்டும். அப்போதுதான் தூரத்து மலைகள் படிப்படியாக வெளிறுவது கண்ணுக்குப் புரியும். ஆட்டோஃபோகஸ் அலைந்தால் அந்தத் தண்டின் விளிம்பில் பிடித்து, மேனுவலுக்கு மாற்றுங்கள். எடிட்டிங்கில் மூட்டத்தை நீக்கும் டீஹேஸை இழுத்தால் மூட்டத்தோடு ஆழமும் போய், புள்ளி புள்ளியாக நாய்ஸ்தான் மிஞ்சும்.

குளிரிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் கேமராவைத் திறந்தபடி கொண்டுபோனால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.