பாலாற்றங்கரையில் ஏணை கட்டித் தூங்க – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 31. பொங்கல் முடிந்ததும் நானும் என் மச்சானும் புல்லூரில் தொடங்கி வயலூரில் கடலைத் தொடும் வரை பாலாற்றங்கரையோரமாகவே நடக்கலாம் என்று இருக்கிறோம். பதினான்கு நாள் கணக்கு. லாட்ஜ் வேண்டாம், தோப்புகளில் ஹேமாக் என்கிற தொங்கும் துணிப் படுக்கையைக் கட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்று யோசனை. பை 8 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆன்லைனில் இரண்டு ஹேமாக் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பாராசூட் துணி, ஒன்பது அடி, கயிறு கொக்கி எல்லாம் சேர்ந்து 700 கிராம், விலை குறைவு. இன்னொன்று பதினோரு அடி, ஆனால் சல்லாத்துணி போல மெல்லியது, 200 கிராம்கூட இல்லை, விலை நாலு மடங்கு. எது உழைக்கும்? மெல்லிய துணி நடுவழியில் கிழிந்துவிட்டால் என்ன செய்வது? நான் 72 கிலோ, 5 அடி 9 அங்குலம். உங்கள் நடைப்பயணக் கட்டுரைகளைப் படித்த தைரியத்தில் கேட்கிறேன்.

– ஆம்பூர் வாசகர் (பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு. அதில் 222 கிலோமீட்டர் நம் பக்கம். நம்மில் பெரும்பாலோர் அதைப் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது மணலாகப் பார்த்ததோடு சரி. நீங்கள் முழுசாக நடக்கப் போகிறீர்கள். அந்தப் பதினான்கு இரவும் நீங்கள் நன்றாகத் தூங்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை.

முதலில் உங்கள் பயத்தை எடுத்துக்கொள்கிறேன். துணி மெல்லியதாக இருப்பதால் மட்டும் ஹேமாக் கிழிவதில்லை. உடம்பின் பாரம் துணி முழுக்கப் பரவிவிடுகிறது. ஆபத்து, பாரம் கை மாறும் இடங்களில் இருக்கிறது. துணி குவிந்து கயிற்றில் சேரும் இடம், கயிறு கொக்கியில் சேரும் இடம், கட்டும் நாடாப் பட்டை மரத்தைச் சுற்றும் இடம். இந்த மூன்றிலும் கஞ்சத்தனம் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடையைக் குறைக்கலாம்.

நம் ஊர்ப்பக்கம் நாற்று நடப் போகும் பெண்கள் வேப்பங்கிளையில் பழைய புடவையை ஏணையாகக் கட்டிப் பிள்ளையைப் போடுவார்கள். புடவை நைந்து போயிருக்கும், ஆனால் கிளையில் போடும் முடிச்சை மட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் கிடத்துவார்கள். நான் சொல்ல வருவதும் அதேதான்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருஷம் முன்பு ஒடுகத்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பில் மூன்று நாள் தங்கினேன். துணி நல்ல துணி. அதோடு வந்த கொக்கி பார்க்க மலையேறிகள் பயன்படுத்துவது போலவே இருந்தது, ஆனால் எவ்வளவு தாங்கும் என்று அதில் எதுவும் பொறித்திருக்கவில்லை. மூன்றாம் இரவு அது வாய் விரிந்துவிட்டது. இடுப்பளவு உயரத்திலிருந்து வேர் மேல் விழுந்தேன். வால் எலும்பு வலி போக ஒரு மாதம் ஆயிற்று. துணியில் ஒரு நூல்கூட பிரியவில்லை.

ஆகவே நீங்கள் பார்த்த ஒன்பது அடி சமாச்சாரத்தை விட்டுவிடுங்கள். எடை ஒரு காரணம், நீளம் இன்னும் பெரிய காரணம். ஏணையில் குழந்தை வில்லாக வளைந்து கிடக்கிறது, அதற்கு அது சுகம். பெரியவர்களுக்கு ஒரே இரவில் முதுகு பிடித்துக்கொள்ளும். துணியின் நடுக்கோட்டில் படுக்காமல் கோணலாக, தலை ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் ஒதுங்கும்படி படுத்தால் உடம்பு கிட்டத்தட்ட சமமாகிவிடும். அப்படிக் குறுக்காகப் படுக்க உங்கள் உயரத்துக்குப் பதினோரு அடி வேண்டும். ஒன்பது அடியில் அகலம் எவ்வளவு இருந்தாலும் முழங்கால் மடங்காது, எதிர்ப்பக்கமாக விறைக்கும். ரிசார்ட்டுகளில் இரண்டு முனையிலும் கட்டை வைத்து விரித்துக் கட்டுவார்களே, அதுவும் வேண்டாம். எடையும் அதிகம், புரண்டால் கவிழ்ந்துவிடும்.

இரண்டாவதாகச் சொன்ன 200 கிராம் துணியா என்றால், அதுவும் இல்லை. டெனியர் என்று ஒரு கணக்கு போட்டிருப்பார்கள். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஆரணிப் பட்டுத் தறிக்காரர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு அது அன்றாடப் பேச்சு. பாராசூட் துணி பெரும்பாலும் 70 டெனியர். உங்களுக்கு 30, 40 டெனியர் ரிப்ஸ்டாப் நைலான் போதும். ரிப்ஸ்டாப் என்றால் கட்டம் கட்டமாகக் கனத்த இழை ஓடியிருக்கும். முள் குத்தினாலும் கிழிசல் அடுத்த கட்டத்துக்குப் பரவாமல் அது தடுக்கும். வேலிகாத்தான் மண்டிக் கிடக்கும் கரையில் நடப்பவருக்கு இது முக்கியம். தயாரிப்பாளர் சொல்லும் எடை வரம்பு உங்கள் எடையைவிட முப்பது நாற்பது கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும்.

என் யோசனை இரட்டைத் துணி ஹேமாக். எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டு இதென்ன என்று நினைப்பீர்கள். நம் கொசு மெல்லிய ஒற்றை நைலானின் அடிப்பக்கமிருந்து துணியோடு சேர்த்துக் கடிக்கும். மேலே எவ்வளவு நல்ல வலை கட்டினாலும் முதுகில் தடிப்போடுதான் எழுந்திருப்பீர்கள். இரட்டைத் துணியாக இருந்தால், நடுவில் ஒரு மெல்லிய ஃபோம் பாயைச் செருகிக்கொள்ளலாம். கொசுவுக்கும் ஆச்சு, குளிருக்கும் ஆச்சு. வேலூரில் குளிரா என்று கேட்பவர்கள் தை மாதம் ஆற்றங்கரையில் தொங்கிப் பார்க்காதவர்கள். 'தைப் பனி தரையைத் துளைக்கும்' என்பார்கள். தரையில் படுத்தால் கீழிருந்து காற்று வராது. தொங்கினால் முதுகுக்கு அடியில் இரவு முழுக்கக் காற்று ஓடும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு சில்லிட்டு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். மலை ஏறுகிறவர்கள் ஹேமாக்குக்கு அடியில் வெளிப்புறமாகத் தனி மெத்தை தொங்கவிடுகிறார்கள். உடம்பு அழுத்தாததால் அதன் பஞ்சு உப்பலாகவே இருந்து சூடு காக்கும். சமவெளியில் உங்களுக்கு அது தேவையில்லை. ஃபோம் பாய் போதும். மரமே கிடைக்காத இரவில் சத்திரத்துத் திண்ணையில் விரித்துக்கொள்ளவும் அது ஆகும்.

அப்புறம் கட்டும் பட்டை. கடையில் விற்கும் நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். நைலான் பாரத்தில் நீளும், ஈரம் பட்டால் இன்னும் நீளும். படுக்கும்போது நாற்காலி உயரத்தில் இருப்பீர்கள், விடியும்போது இடுப்பு மண்ணில் இருக்கும். மெல்லிய கயிறு மரப்பட்டையையும் அறுக்கும். ஒரு அங்குலமாவது அகலமுள்ள பாலியஸ்டர் பட்டை வாங்குங்கள், அது அவ்வளவாக நீளாது. பட்டையிலிருந்து ஹேமாக் வரைக்கும் டைனீமா என்கிற செயற்கை இழைக் கயிறு வைத்தால் கொக்கி, வளையம் எல்லாமே மிச்சம். டைனீமா எடைக்கு எடை எஃகைவிடப் பலமானது. ஆனால் வழவழப்பு. சாதாரண முடிச்சு போட்டால் நழுவும். புரியைப் பிரித்துக் கயிற்றுக்குள்ளேயே கயிற்றைச் செலுத்திப் பின்னிய கண்ணியாக வாங்குங்கள். நெருப்பருகே வைக்காதீர்கள், சுமார் 150 டிகிரியிலேயே உருகிவிடும். கொக்கி வைத்தே தீரவேண்டும் என்றால் தாங்கும் சக்தி கிலோநியூட்டனில் (kN) பொறித்த மலையேற்றக் கொக்கி மட்டும்.

பட்டையின் தையலை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நாள் முழுக்க ஷூவின் மேல்பாகம் தைக்கிறவர் நீங்கள். பார்டாக் என்கிற நெருக்கத் தையல் எத்தனை வரிசை, நூல் பட்டையின் ஓரத்தை வெட்டுகிறதா, தையல் முனையில் நூல் விட்டுப் போயிருக்கிறதா என்று உங்கள் கண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்தக் கண்ணை நம்புங்கள். சரியில்லை என்று பட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு நல்ல சாமான் வாங்கினாலும் இறுக்கிக் கட்டினால் வீண். எல்லாரும் செய்யும் தப்பு இதுதான். ஹேமாக் தட்டையாக இருந்தால் சுகம் என்று நினைத்து விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். கணக்கைப் பாருங்கள். பட்டை கிடைக்கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், 72 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பட்டையிலும் 72 கிலோ இழுவை. 10 டிகிரிக்கு இறுக்கினால் அதுவே 207 கிலோ. 5 டிகிரி என்றால் 400 கிலோவுக்கு மேல். படுத்திருப்பது அதே ஆள்தான். மெல்லிய சாமான் உழைக்கவில்லை என்று குறைபடுகிறவர்களில் பலர் இந்தக் கோணத்தைக் கவனிக்காதவர்கள். தளர்வாகக் கட்டுங்கள், குறுக்காகப் படுங்கள். ஹேமாக்கின் இரு முனைகளுக்கு நடுவே, துணி நீளத்தில் 83 சதவீதம் வருமாறு, அதாவது பதினோரு அடிக்கு 9 அடி 1 அங்குலம் சுமாருக்கு ஒரு மெல்லிய டைனீமா கயிறு கட்டிக்கொண்டால் மரங்கள் எவ்வளவு தள்ளியிருந்தாலும் தொய்வு ஒரே மாதிரி வரும். விரலால் அழுத்தினால் அந்தக் கயிறு கொஞ்சம் வளைய வேண்டும். வீணைத் தந்தி போல நின்றால் இறுக்கம் அதிகம்.

பக்கவாட்டு இழுவையையும் நினைவில் வையுங்கள். சரியான 30 டிகிரி கோணத்திலேயே ஒவ்வொரு மரத்தையும் 60 கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள். மரம் அதற்குப் பழகியது, செங்கல் தூண் பழகியதல்ல. ஒத்திகை பார்க்கிறேன் என்று மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலோ மோட்டார் கொட்டாய்த் தூணிலோ தயவுசெய்து கட்டாதீர்கள். தூண் உங்கள் மேலேயே சாயும்.

மரத்தில் புளிக்கு இணையில்லை. வேம்பு, புங்கன், மா எல்லாம் நல்லவை. மாமரத்தில் முசுறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள், பட்டை வழியாகவே வரிசை கட்டி வந்துவிடும். முருங்கை கூடவே கூடாது. தென்னையும் பனையும் தண்டு உறுதிதான், ஆனால் தலைக்கு மேல் காய், காய்ந்த மட்டை இருக்கிறது. தென்னந்தோப்பில் படுத்தே ஆகவேண்டும் என்றால் காய் பறித்த வரிசையாகக் கேட்டு வாங்குங்கள். கடலை நெருங்கும்போது சவுக்குத் தோப்புகள் வரும், இளம் சவுக்கு வளைந்துவிடும், தொடை கனமாவது இருக்க வேண்டும். யாருடைய தோப்பானாலும் பொழுது சாய்வதற்கு முன்பே போய்க் கேட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு டார்ச்சோடு நுழைந்தால் திருடன் என்றுதான் நினைப்பார்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் காட்டு ஓரங்களுக்குள் ஒதுங்க வேண்டாம், ஆந்திரப் பக்கத்துக் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானை இறங்கும் பக்கம் அது. ஆற்று மணலில் எவ்வளவு அழகான இடம் கிடைத்தாலும் கரை ஏறிவிடுங்கள். 2021 நவம்பரில் இதே ஆறு எப்படி வெள்ளமாக வந்தது என்று ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டாம்.

மேலே கட்ட 20 டெனியர் சிலிக்கான் பூசிய பாலியஸ்டர் தார்ப்பாய் போதும். தையில் மழை அநேகமாக இராது, பனி சொட்டாமல் காக்கத்தான். நைலானில் செய்தது ஈரத்தில் தொய்யும், நடு ராத்திரி எழுந்து இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். மழை வந்தால் பட்டை வழியாகத் தண்ணீர் ஓடி வரும், தார்ப்பாய்க்கு உள்ளே பட்டையில் ஒரு நூல் துண்டைத் தொங்கவிட்டால் அதில் சொட்டிவிடும். பகல் ஓய்வில் ஹேமாக்கை வெயிலில் கட்டிப் போடாதீர்கள், வெயில்தான் நைலானை உள்ளே இருந்து அரிக்கும்.

எல்லாம் சேர்த்து ஹேமாக் 400, பட்டையும் கயிறும் 200, வலை 200, தார்ப்பாய் 400, பாய் 200. சுமார் ஒன்றரைக் கிலோ. இதற்குமேல் ஐம்பது கிராம் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். உங்கள் பையில் உண்மையான எடை தண்ணீர்தான். வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி வரை இறங்கிய கதை 1996லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக வந்தது. அங்கே ஊற்றுநீரை வடிகட்டியோ காய்ச்சியோ குடிக்கலாம் என்று எண்ணாதீர்கள், உப்பும் குரோமியமும் அதில் போகாது. ஊர்க் குடிநீரை வாங்கி ஆளுக்கு மூன்று லிட்டர் சுமங்கள். அந்த மூன்று கிலோவுக்காகத்தான் மற்றதைக் குறைக்கச் சொல்கிறேன்.

புறப்படும் முன் மூன்று இரவாவது வெளியே தூங்கிப் பாருங்கள். ஏலகிரி, ஜவ்வாது காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் இரவு தங்க வேண்டாம், மலையேறப் போனவர்களைப் பலி கொண்ட 2018 குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன, அது நியாயமும்கூட. மாதனூரிலோ ஊரிலோ தெரிந்தவர் தோப்பு போதும். உட்காரும்போது தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் உயரம் வேண்டாம்.

பள்ளிகொண்டா தாண்டி வழித்துணைநாதர் கோயில் கொண்ட விரிஞ்சிபுரத்துக்கு ஐந்தாம் நாள் வாக்கில் வந்து சேர்வீர்கள் என்று கணக்குப் போடுகிறேன். அங்கே ஊருக்கு வெளியே என் பெரியப்பா தோப்பில் பதின்மூன்று அடி இடைவெளியில் இரண்டு பழைய புளியமரங்கள் நிற்கின்றன. மச்சானுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜோடி புங்கன். தேதி முடிவானதும் எழுதுங்கள், சொல்லி வைக்கிறேன். ராத்திரிச் சாப்பாடும் அங்கேதான்.