கப்பல் வந்து போகும் துறைக்கு அடியில் ஸ்கூபா: போனேரில் எதைப் பார்த்து இறங்க வேண்டும்?

ஓப்பன் வாட்டர் என்கிற ஸ்கூபா ஆரம்பப் பயிற்சியை முடித்துவிட்டு, கரீபியன் தீவான போனேருக்குப் போகிறீர்கள். சால்ட் பியரும் டவுன் பியரும் சரக்குக் கப்பல் வந்து போகும் துறைகளாயிற்றே, அவற்றுக்கு அடியில் டைவ் செய்வது ஆபத்தில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை நீங்கள் செய்ததெல்லாம் படகு டைவ், முன்னால் போகும் கைடின் ஃபின்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் போய் வந்தவை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அனுபவசாலி என்றால் தெரிந்த பகுதிகளைத் தாண்டிக்கொண்டு போங்கள், கோபிக்காதீர்கள்.

கப்பல் இல்லாத நாளில் இவை தீவிலேயே சுலபமான டைவ்களில் சேரும். கப்பல் இருந்தால் டைவ் கிடையாது. "கொஞ்சம் தள்ளி இருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்கிற பேச்சே வேண்டாம். இதைச் சொன்னதும் "நாங்கள் கப்பல் நிற்கும்போதே போனோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். ஏன் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதன் பிறகு அவர்கள் பாடு.

கயிறு கட்டி நிற்கும் கப்பலில் இன்ஜின் அணைந்திருக்கும் என்று நினைக்கிறோம். பெரிய இன்ஜின் அணைந்தாலும் மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் வாய்கள் கப்பலின் அடியிலும் பக்கவாட்டிலும் நீருக்குள் இருக்கின்றன. மேலே கம்பித் தட்டி போட்டிருப்பார்கள்; உடம்போ மூச்சுக்காற்று வரும் ஹோஸோ அதில் போய் ஒட்டிக்கொண்டால் பிய்த்துக்கொண்டு வருவது கடினம். முன்பக்கத்தில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் உண்டு. அதை எப்போது முடுக்குவார்கள் என்று நீருக்குள் இருப்பவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. சால்ட் பியரில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அங்கே வரும் கப்பல் உப்பு ஏற்ற வருகிறது. கன்வேயரில் உப்பு விழ விழ, கப்பல் அமிழ்ந்துகொண்டே வரும். நீங்கள் இறங்கியபோது அடிப்பகுதிக்கும் தரைக்கும் இருந்த இடைவெளி ஒரு மணி நேரம் கழித்து அதே அளவில் இருக்காது.

சத்தம் கேட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற கணக்கும் செல்லாது. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் ஏறக்குறைய 1,500 மீட்டர் போகிறது. இரண்டு காதிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து விழும். இன்ஜின் எங்கோ ஓடுகிறது என்று தெரியும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரியாது.

அதனால் முடிவு கரையிலேயே எடுக்கப்பட வேண்டும். காலையில் சிலிண்டர் எடுக்கும்போதே இன்று உப்புக் கப்பல் உண்டா என்று டைவ் கடையில் கேளுங்கள். போனதும் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். பிறகு ஐந்து நிமிடம் சும்மா கடலைப் பாருங்கள். பெரிய கப்பல் ஒன்று துறையை நோக்கி மெதுவாக வருகிறதா, இழுவைப் படகு கிளம்பிவிட்டதா, பியர் மேல் கப்பலின் கயிற்றைப் பிடித்துக் கட்ட ஆட்கள் வந்து நிற்கிறார்களா, கன்வேயர் ஓடுகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் வெட்சூட் போட வேண்டாம். மேற்குக் கரை முழுக்க மஞ்சள் கல்லில் பெயர் எழுதிய டைவ் இடங்கள் வரிசையாக இருக்கின்றன, அடுத்த கல்லுக்கு வண்டியை விடுங்கள்.

அடியில் இருக்கும்போது இன்ஜின் சத்தம் வலுத்துக்கொண்டே வந்தால் மேலே போய் எட்டிப் பார்க்காதீர்கள். தரையை ஒட்டியபடியே, கப்பல் வந்து அணையும் வெளிப்பக்கத்தை விட்டு விலகி, கரைப்பக்கம் போங்கள். ஆழம் குறைந்து, பியரிலிருந்தும் நன்றாகத் தள்ளி வந்த பிறகு நீங்கள் இருக்கும் இடத்தைப் படகுகளுக்குக் காட்டும் மிதவைக் குழாயை மேலே அனுப்பிவிட்டு எழும்புங்கள்.

கரைப்பக்கம் எது என்பதற்குத் திசைகாட்டியை நம்ப வேண்டாம். இத்தனை இரும்புத் தூணுக்கு நடுவில் முள் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். போனேரில் இதற்கு எளிய வழி ஆழமானி. மேற்குக் கரையில் தரை மேற்கே சரிந்து இறங்குகிறது. எண் குறைந்தால் கரையை நோக்கிப் போகிறீர்கள், கூடினால் கடலுக்குள் போகிறீர்கள். சால்ட் பியரில் கரைப்பக்கத் தூண்கள் ஐந்தாறு மீட்டரிலும் வெளிப்பக்கத் தூண்கள் ஏறக்குறைய 15 மீட்டரிலும் நிற்பதால் இந்தக் கணக்கு அங்கே நன்றாகவே வேலை செய்யும். கூடவே தாண்டிய தூண் வரிசைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கப்பலுக்கு அடுத்த தொல்லை தூண்டில் நரம்பு. துறை என்றாலே மேலிருந்து யாராவது தூண்டில் போட்டிருப்பார்கள், அறுந்தது எல்லாம் தூண்களைச் சுற்றிக் கிடக்கும். நைலான் நரம்பு நீரில் கண்ணுக்கே தெரியாது. பெரும்பாலும் மாட்டுவது தலைக்குப் பின்னால், சிலிண்டர் வால்வும் அதில் மாட்டிய ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் (காற்றழுத்தத்தைக் குறைக்கும் கருவி) சேரும் இடத்தில். என்ன இழுக்கிறது என்று திரும்பிப் பார்த்தால் இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளும். அப்படியே நின்று, வந்த வழியிலேயே அரையடி பின்னால் வாருங்கள். பாதி நேரம் அதிலேயே கழன்றுவிடும். இல்லையென்றால் கூட வந்தவர் வெட்டட்டும். கத்தியைவிட முனை மழுங்கிய கத்தரிக்கோலோ சின்ன லைன் கட்டரோ நல்லது. ஒரே கையால், எந்தக் கையாலும் எடுக்கும் இடத்தில் மாட்டுங்கள்.

கையுறை போடலாமே என்று தோன்றும். போனேர் கடல் பூங்காவில் டைவருக்குக் கையுறை தடை. காரணம் சரியானதுதான், கையுறை போட்டவர் எதையாவது பிடிப்பார். இங்கே தூணில் பிடிக்கத் தகுந்தது எதுவும் இல்லை. கொட்டலசு கிழிக்கும், நெருப்புப் பவளம் பட்ட இடம் எரியும், தரையில் கை ஊன்றினால் அங்கே தேள்மீன் இருக்கலாம். தேள்மீன் முள் குத்தினால் வெளியே வந்து, குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். வீக்கமோ மூச்சுத் தொல்லையோ வந்தால் மருத்துவமனை.

தொடாமல் இருக்க மிதவைக் கட்டுப்பாடு வேண்டும், ஆழம் குறைந்த இடத்தில்தான் அது கடினம். 30 மீட்டரில் ஒரு மீட்டர் ஏறினால் பிசிடிக்குள் (காற்று ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) இருக்கும் காற்று அவ்வளவாக விரியாது. 5 மீட்டரில் ஒரு மீட்டர் ஏறினால் உடனே தூக்கும், மேலே பியரின் உத்தரம் இருக்கிறது. இடுப்பில் கட்டும் ஈய வெயிட் எவ்வளவு என்பதை, டைவ் முடியும்போது இருக்கும் நிலையை வைத்து முடிவு செய்யுங்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர். காற்றழுத்தம் 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது சுமார் 2 கிலோ லேசாகிவிடும். 50 பாரில், 5 மீட்டரில், பிசிடி காலியாக அசையாமல் நிற்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். அதற்கு மேல் ஒரு கிலோகூட வேண்டாம். காலைத் தவளைபோல் விரித்து உதையுங்கள், மேலும் கீழும் அடித்தால் மணல் கிளம்பும். அலை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் நாளில் இரண்டு தூணுக்கு நடுவில் இருங்கள். அது தள்ளும்போது சும்மா இருந்து, விடும்போது உதையுங்கள்.

காற்றுக் கணக்கு எளிது. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 18 லிட்டர் சுவாசிப்பவர் என்றால், அழுத்தம் 1.6 மடங்காகும் 6 மீட்டரில் 28.8 லிட்டர் ஆகும். செலவழிக்க இருப்பது 150 பார், அதாவது 1,665 லிட்டர். 57 நிமிடம் வரும். 12 மீட்டரில் அதுவே 42 நிமிடம். சிலிண்டரின் அழுத்தமானி பெரும்பாலும் பிஎஸ்ஐயில் இருக்கும். 50 பார் என்பது 725 பிஎஸ்ஐ. இந்த ஆழத்துக்கு நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) தேவையே இல்லை, அதே நாளில் ஆழமான டைவ்களும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஆழம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஆட்கள் டைவ் என்றதும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மீட்டர் போனாய்?" 40 மீட்டர் என்றால் வீரர், 8 மீட்டர் என்றால் ஏளனம். கேட்பவர்களைக்கூட விட்டுவிடலாம், சொல்லிக்கொடுப்பவர்களே இதைத்தான் வளர்க்கிறார்கள். முழங்காலில் உட்கார வைத்து மாஸ்க்கைக் கழற்றி மாட்டச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் அசையாமல் மிதக்கத் தெரியாதவர் கையில் அட்டையைக் கொடுத்து, அடுத்த வாரமே ஆழ்நிலைப் பயிற்சிக்குப் பணம் வாங்குகிறார்கள். டவுன் பியர் முழுவதும் ஏறக்குறைய 10 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அங்கே இருப்பதைப் பார்க்க ஆழம் போகத் தெரிய வேண்டியதில்லை, ஓரிடத்தில் நிற்கத் தெரிந்தால் போதும்.

தூணுக்கு நிழல் உண்டு, செங்குத்தான கெட்டிப் பரப்பு உண்டு, நீரோட்டம் உணவைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. கடற்பஞ்சும் ஆரஞ்சுக் கிண்ணப் பவளமும் அதனால்தான் அங்கே அப்பிக் கிடக்கின்றன. இந்தப் பவளம் இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கத்தைச் சேர்ந்தது, கரீபியனில் 1943இல் பதிவானது. வெளிச்சத்தை நம்பி வாழும் பாசி அதன் உடலில் இல்லை. இரை பிடித்து வாழ்கிறது, இருட்டில்தான் முழுதாக விரியும். டவுன் பியரை இரவில் பார்க்கச் சொல்வதற்கு அதுவே காரணம். கடல்குதிரை, தவளைமீன், அஞ்சாலை, ஆக்டோபஸ் எல்லாம் உண்டு. அவற்றைக் கைடு காட்டினால்தான் உண்டு. டார்ச்சை ஒரே மீன் மேல் நிறுத்தி வைக்காதீர்கள். பின்னாலேயே வரும் டார்பன் என்கிற பெரிய மீன் அந்த வெளிச்சத்தில் அதைப் பிடித்துத் தின்றுவிடும். பகலில் தூணில் ஊதா நிறத் திட்டு தெரிந்து ஒரு வரிமீன் உங்களை முட்ட வந்தால், அது முட்டையைக் காக்கும் ஆண். அதை விரட்டிப் படமெடுத்தால் அந்த நேரத்துக்குள் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும்.

டவுன் பியரில் நீங்களாக இறங்க முடியாது. 2004 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க நடைமுறையான துறைமுகப் பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு இப்படிப்பட்ட துறைகளில் கெடுபிடி கூடிவிட்டது. துறைமுக அனுமதியும் உள்ளூர் கைடும் வேண்டும், சொகுசுக் கப்பல் வந்தால் ரத்து. முன்பணம் கட்டும்போது ரத்தானால் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். சால்ட் பியர் கரையிலிருந்தே இறங்கும் இடம். ஆனால் தீவில் எங்கே டைவ் செய்தாலும் முதலில் கடல் பூங்காவை நிர்வகிக்கும் ஸ்டினாபா அமைப்பின் இயற்கைக் கட்டணம் கட்டி, அறிமுக டைவை முடித்தாக வேண்டும். ரசாயனக் குச்சி விளக்கும் அங்கே தடை, இரவுக்குச் சிலிண்டரில் சின்ன பேட்டரி விளக்கு கட்டுங்கள்.

கரை முழுக்க உடைந்த பவளக்கல், கெட்டி அடி வைத்த பூட்ஸ் இல்லாமல் நடக்க முடியாது. ஃபின்னைக் கையில் வைத்துக்கொண்டு மார்பளவு நீருக்குப் போய் மாட்டுங்கள். வாடகை வண்டியில் எதையும் வைக்காமல், கதவைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள். பூட்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பார்கள்.