வெறுங்காணிப் படம்

வணக்கம் அண்ணை,
நீங்கள் சொன்னீங்கள் எண்டு 'பாரிஸ், டெக்சாஸ்' பாத்தன். இருபது நிமிசமா அந்த மனுசன் வாயே திறக்கேல்ல, ரெண்டுதரம் நித்திரையாப் போனன். நானும் சிநேகிதரும் ஒரு றோட் மூவி எடுக்கப்போறம். வவுனியாவில இருந்து ஏ9 றோட்டால மோட்டச்சைக்கிளில வாறவன் கடைசியில தன்னைத்தானே கண்டுபிடிக்கிறான். சரிவருமே?
வாசகர், கிளிநொச்சி

தம்பி,
நித்திரை வந்ததில பிழையில்ல, எனக்கும் முதல்தரம் வந்ததுதான். ஆனா ஒரு சாமானை விட்டிட்டீங்கள். அந்த வாய் திறக்காத மனுசன், ட்ராவிஸ், ஒரு போட்டோவைக் கொண்டு திரியிறானெல்லே, டெக்சாசில இருக்கிற பாரிஸ் எண்ட ஊரில அவன் வாங்கின வெறுங்காணி, தாய் வயித்தில தான் உண்டானது அங்கதான் எண்டு அவன்ர எண்ணம். படத்துக்குப் பேரே அந்த ஊர்தான், ஆனா கடைசிவரைக்கும் அங்க போகேல்ல. 1984ல கான் திரைப்பட விழாவில தங்கப்பனை வாங்கின படம் (பனை எண்டா எங்கட ஆக்களுக்கும் பிடிக்கும்).

எங்கட அம்மாட்டயும் அப்பிடி ஒண்டு இருந்தது, காணிப் பெர்மிற். சண்டைக்குள்ள இடம்பெயந்து ஓடேக்க சொப்பிங் பாக்கில சுத்தி அதுக்கு மேல இன்னொரு பாக் போட்டு இடுப்பில செருகிக்கொண்டு வந்தவ, மடிப்பெல்லாம் பிஞ்சு நாலு துண்டா வந்திட்டுது, முகாமில சோத்தைப் பிசைஞ்சு ஒட்டினவ. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்துக்கு மேல விரலை வச்சு, 'இதில கிணறு, இதில மாமரம்' எண்டுவா.

அதால உங்கட ஆள் தன்னைக் கண்டுபிடிக்கிறது எனக்குப் பிடிக்கேல்ல. ட்ராவிஸ் என்னத்தைக் கண்டுபிடிச்சவன்? மகனைத் தாயிட்ட சேத்துப்போட்டு திரும்பக் காரை எடுத்துக்கொண்டு போறான்.

மோட்டச்சைக்கிளையும் விடுங்கோ. சண்டையால 2006ல பூட்டின ஏ9 இல்ல இது, இப்ப காப்பெற் றோட்டு, பறந்தா ஒண்டும் தெரியாது. ட்ராவிஸ் பிளேனில இருந்து இறங்கோணும் எண்டு அடம்பிடிச்சபடியால்தானே சகோதரன் லொஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் கார் ஓடவேண்டி வந்தது. உங்கட ஆளை பஸ்ஸில ஏத்தி வழியில முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில இறக்குங்கோ. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி, சனம் திரும்ப ஏறும், கொண்டக்டர் விசில் அடிப்பான், இவன் ஏறாமல் நிக்கட்டும். கமராவை நிப்பாட்டாதேங்கோ. கச்சான் விக்கிற அம்மா 'எங்க தம்பி போகோணும்' எண்டு கேப்பா, அதுக்கு வசனம் எழுதிக் குடுக்கவேண்டாம்.

ஸ்கிரிப்ற் அனுப்பிறதெண்டா பிடிஎஃப் வேண்டாம், என்ர போனில திறக்காது.