கோவிட்டும் சதையியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கோவிட் வந்துபோன பிறகு சீனி கூடுவது பற்றிப் போன கிழமை கொஞ்சம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒரேமாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். சதையி என்று நான் சொல்வது கணையத்தைத்தான்.

கோண்டாவிலிலிருந்து: டொக்டர், கோவிட் நெஞ்சு வருத்தம்தானே? அது எப்படிச் சதையிக்குப் போகும்?

நுரையீரலில் தொடங்கினாலும் எல்லோருக்கும் அது அங்கேயே நின்றுவிடுவதில்லை. வைரஸ் கலத்துக்குள் போக ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதம் குடலில், சிறுநீரகத்தில், சதையியிலும் இருக்கிறது. கோவிட்டால் இறந்த சிலருடைய சதையியில், இன்சுலின் சுரக்கும் பீட்டா கலங்களுக்குள்ளேயே வைரஸைக் கண்டதாக 2021இல் ஆய்வுகள் வந்தன. அந்தப் புரதம் பீட்டா கலங்களில் அரிது, சதையியின் கான்களிலும் சிறு இரத்தக் குழாய்களிலும்தான் கூட என்று வேறு குழுக்கள் காட்டின. அந்த வாதம் இன்னும் தீரவில்லை. வைரஸ் நேரே போகாவிட்டாலும், வருத்தம் கடுமையானால் உடம்பு முழுக்க வரும் அழற்சியும் ஒட்சிசன் குறைவும் சதையியைத் தாக்கலாம்.

சாவகச்சேரியிலிருந்து: அப்பாவுக்குக் கோவிட் நேரம் அமிலேஸ் கூட என்றார்கள். சதையி பழுதாகிவிட்டதா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல ஏலாது. அமிலேஸ் என்பது சதையி சுரக்கும் ஒரு சமிபாட்டு நொதியம்; அது உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வரும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் இரத்தத்தில் கூடும். 2020இல் வூஹானில் 52 நோயாளிகளைப் பார்த்தபோது 9 பேருக்கு அமிலேஸ் அல்லது சதையியின் இன்னொரு நொதியமான லிப்பேஸ் கூடியிருந்தது. ஆனால் ஒருவருக்கும் கடுமையான சதையி அழற்சி வரவில்லை. சதையி அழற்சி என்று சொல்ல மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும்: அதற்கேயுரிய வயிற்று நோ, வழமையின் மேல் எல்லையைவிட மூன்று மடங்குக்கு மேல் நொதியம், ஸ்கானில் தெரியும் மாற்றம். கோவிட் வந்தவருக்கு அது வந்தாலும் முதலில் பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்ப்போம், சாராயம் குடிப்பாரா என்று கேட்போம். பழைய காரணங்கள் எங்கும் போய்விடவில்லை.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் கடும் நோவும் விடாத சத்தியும் இருந்தால் வாயுவென்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பருத்தித்துறையிலிருந்து: அம்மாவுக்கு 58 வயது. கோவிட்டோடு வார்டில் இருந்தபோது சீனி 280. இப்போது குளுசை போடுகிறா. கோவிட்டால் வந்தது தானாகப் போய்விடும், குளுசையை நிற்பாட்டலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா.

நிற்பாட்ட விடாதீர்கள், தங்கச்சி. கிளினிக்கில் இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது.

அம்மாவின் சீனிக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, சீனி வருத்தம் முன்பே இருந்து, சோதிக்காததால் தெரியாமல் போயிருக்கலாம். எங்கள் பக்கத்தில் இது மிகச் சாதாரணம். இரண்டாவது, கடும் காய்ச்சலில் உடம்பே சீனியைக் கூட்டும். ஒட்சிசன் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்த டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தும் கூட்டும். அப்படி வந்தது பெரும்பாலும் இறங்கிவிடும். மூன்றாவது, கோவிட்டே ஒரு தள்ளுத் தள்ளியிருக்கலாம். அமெரிக்காவின் முன்னாள் படையினரிடம் செய்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், கோவிட் வந்தவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு 40 வீதம் கூட இருந்தது. கேட்கப் பயமாக இருக்கும்; ஆனால் ஆயிரம் பேருக்கு மேலதிகமாக ஏறக்குறைய 13 பேர் என்பதுதான் அதன் அர்த்தம்.

உங்கள் அம்மாவுக்கு எது என்று அறிய, வார்டில் எடுத்த எச்பிஏ1சி துண்டைத் தேடுங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டும். அப்போதே 6.5 வீதமோ கூடவோ இருந்தால் வருத்தம் அனேகமாகக் கோவிட்டுக்கு முந்தியது. இப்போது மூன்று மாதம் கடந்திருந்தால் அதையும் வெறுவயிற்றுச் சீனியையும் திரும்பச் செய்யுங்கள். குளுசையைக் குறைப்பதா நிற்பாட்டுவதா என்பதைக் கிளினிக்கில் அந்த முடிவுகளைப் பார்த்துத்தான் சொல்லலாம். சிலருக்கு உண்மையாகவே நிற்பாட்டியிருக்கிறோம்.

மானிப்பாயிலிருந்து: சின்னப் பிள்ளைகளுக்கும் சீனி வருத்தம் வருமா?

மிகச் சிலருக்கு வருகிறது. அடிக்கடி தாகம், இரவில் எழும்பி எழும்பிச் சலம் போவது, மெலிவு, இவற்றோடு சத்தியும் வேகமான ஆழ்ந்த மூச்சும் என்றால் கோவிட் மிச்சம் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து.

நல்லூரிலிருந்து: சதையியைச் சுத்தப்படுத்தப் பாவற்காய்ச் சாறு குடிக்கலாமா?

சதையியைச் சுத்தப்படுத்தும் சாறு ஒன்றும் இல்லை. பாவற்காயைக் கறியாகச் சாப்பிடுங்கள், நல்லது. சாறாகத் தினமும் குடித்தால், போடும் குளுசையோடு சேர்ந்து சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மற்றது, தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்தால் பிரச்சினையில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். பனங்கட்டியும் சீனியை ஏற்றும்.