புகையிலை மணப்பெண்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட அமெரிக்கக் குடியேற்றங்கள் பற்றிய கட்டுரையில், வர்ஜீனியாவுக்குப் பெண்கள் கப்பலேற்றப்பட்டதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ‘புகையிலைக்கு விற்கப்பட்ட மணப்பெண்கள்’ என்று இணையத்தில் வாசிக்கிறேன். உண்மையிலேயே ஏலம் போட்டார்களா? அங்கே போய் என்ன வேலை செய்தார்கள்?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

ஏலம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் கறாரான வரவுசெலவுக் கணக்கு ஒன்று இருந்தது.

1607இல் வர்ஜீனியாவின் முதல் ஆங்கிலேயக் குடியிருப்பான ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் எல்லோரும் ஆண்கள், பையன்கள். முதல் இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் மறு ஆண்டுதான் வந்தார்கள். புகையிலையில் காசு பார்த்தவனுக்கோ ஊர் திரும்பும் நினைப்பு. அவனை நிலத்தில் நிறுத்தி வைக்க, குடியேற்றத்தை நடத்திய லண்டன் வணிக நிறுவனமான வர்ஜீனியா கம்பெனி 1620இல் சுமார் 90 பெண்களையும் அடுத்த ஆண்டு 57 பேரையும் அனுப்பியது. 1621இல் வந்த பெண்ணை மணப்பவன் 150 ராத்தல் (சுமார் 68 கிலோ) முதல்தரப் புகையிலை கட்ட வேண்டும். கப்பல் செலவுக்கும் துணிமணிக்கும் பணம் போட்டவர்களுக்கு அது போய்ச் சேரும். வழியில் ஒருத்தி இறந்துபோனால் அவள் பங்கை மற்றவர்களின் தொகையில் ஏற்ற வேண்டும் என்றும் கம்பெனி எழுதியது! அதே கடிதத்தில்தான், திருமணம் அவரவர் விருப்பப்படி நடக்கட்டும், ஆனால் ஒப்பந்த வேலைக்காரர்களுக்குக் கட்டிவைக்காதீர்கள், குடும்பம் நடத்த வசதியுள்ளவனுக்கே கொடுங்கள் என்றும் இருக்கிறது.

வேலையில் பெரும்பாரம் மக்காச்சோளம். ஆலைகள் அரிது, அன்றன்றைக்கு வேண்டியதை மர உரலில் இடித்துத்தான் ஆக வேண்டும். தொடக்க ஆண்டுகளில் குடியேறிகள் பூர்வகுடிகளிடம் தாமிரத்தையும் மணிகளையும் கொடுத்து வாங்கிய சோளமும் பெண்கள் விளைவித்ததே. அப்பகுதிப் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களிடம் விவசாயம் பெண்களின் பொறுப்பு. ஒரே மண்மேட்டில் சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஊன்றினார்கள். பூர்வகுடி ஆண்கள் சோம்பேறிகள் என்று ஆங்கிலேயர் எழுதியதற்கு, பெண்கள் வயலில் நின்றதும் ஒரு காரணம்.

ஆனால் அதே ஆங்கிலேயர் வேறு பெண்களை வயலில் இறக்கத் தயங்கவில்லை. 1643 சட்டப்படி 16 வயது நிரம்பிய கறுப்பினப் பெண் ஒவ்வொருத்திக்கும், வயலில் உழைப்பவள் என்ற கணக்கில், தலைவரி உண்டு. வெள்ளையரில் ஆண்களுக்கு மட்டுமே அந்த வரி. பயிர்வேலை செய்யும் வெள்ளைக்காரப் பணிப்பெண்களுக்கும் 1662இல் வரி வந்ததும், முதலாளிக்கு அவளை வீட்டுவேலைக்காரி என்று காட்டுவது லாபமாயிற்று. அதே 1662இல், பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் செய்தார்கள். தகப்பன் யாராக இருந்தாலும் அடிமைப் பெண்ணின் பிள்ளை அடிமை.

எனவே ‘விற்கப்பட்டவர்கள்’ என்ற சொல்லை மணப்பெண்களுக்குச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒப்பந்தப் பணிப்பெண்ணைப் பாருங்கள். கப்பல் கட்டணத்துக்கு ஈடாக, பெரும்பாலும் நான்கு முதல் ஏழு ஆண்டு உழைப்பு; அதுவரை எஜமான் சம்மதமில்லாமல் திருமணம் கூடாது. பிள்ளை பிறந்தால் எஜமானுக்கு 2000 ராத்தல் புகையிலை, இல்லாவிட்டால் கூடுதலாக இரண்டு ஆண்டு வேலை. அந்த எஜமானே தகப்பன் என்றால்? அவளுக்கு விடுதலை கொடுத்தால் கண்டவளும் எஜமான்மேல் பழி போடுவாள் என்று சட்டமன்றம் அஞ்சியது. ஒப்பந்தம் முடிந்தபின் தேவாலய நிர்வாகிகள் அவளை இன்னும் இரண்டு ஆண்டுக்கு விற்று, வரும் புகையிலையை ஊர்ச்சபைக்குச் சேர்க்க வேண்டும் என்பதே 1662 டிசம்பரில் அது கண்ட தீர்வு.